ரெண்டு புள்ள பெத்தா ராக் பாடக்கூடாதா?

நடுவர் அவர்களே, திருவையாத்து மக்களே, வணக்கம். நேரம் கம்மி, நேரா வந்துடுறேன்.

லிசா லோப்னு அமெரிக்காவுல ஒரு பாடகி, தானே எழுதி தானே மெட்டுப் போட்டு பாடுறவங்க. நடுவுல 2003, 2008னு குழந்தைகளுக்கு ஆல்பம் போட்டாங்க, அப்புறம் 2013ல பெரியவங்களுக்கு 'நோ ஃபேரி டேல்'னு ராக் ஆல்பத்தோட திரும்பி வந்தாங்க. வந்தது சரிங்கிறதுதான் எங்க அணி.

இவங்க கதை தெரியுமா உங்களுக்கு? நியூயார்க்ல இருக்காங்க, பாட்டு வெளியிடுற கம்பெனி இல்ல, ஒப்பந்தம் இல்ல, கையில ஒரு கிதாரு, ஒரு பாட்டு. எதிர்த்த வீட்டுல ஈத்தன் ஹாக்னு ஒரு நடிகர், அவர் அந்தப் பாட்ட வாங்கிட்டுப் போய் டைரக்டர் பென் ஸ்டில்லர்கிட்ட குடுக்குறாரு. யார் குடுத்தா? எதிர்த்த வீட்டுக்காரர்! நம்ம தெருவுல எதிர்த்த வீட்டுக்காரர் என்னங்க குடுப்பாரு, ஒரு கொத்து கருவேப்பில குடுப்பாரு, இவரு ஒரு வாழ்க்கையவே குடுத்தாரு! பாட்டு படத்துல வருது, 1994 ஆகஸ்ட்ல பில்போர்ட் ஹாட் 100ங்கிற அமெரிக்க ஹிட் பாட்டுப் பட்டியல்ல நம்பர் ஒன்! ஒரு வாரமா? மூணு வாரம்! எந்தக் கம்பெனியிலயும் கையெழுத்துப் போடாத ஒரு ஆள் நம்பர் ஒன் வந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் எதிர்த்த வீட்டுக்காரர் புண்ணியத்துல! அது குழந்தைப் பாட்டு இல்லீங்க, காதல்ல மனசு ஒடஞ்ச பெரியவங்க பாட்டு.

எதிரணி அண்ணன் என்ன சொன்னாரு? "2013ல அவங்களுக்கு 44 வயசு, ரெண்டு புள்ளைக்குத் தாயி, வீட்ல தாலாட்டு பாடலாம்ல, எதுக்கு ராக்கு?"னாரு, கைதட்டுனீங்க. அண்ணே, எந்த ஊர்ல நின்னு இத சொல்றீங்க? இந்த ஊர்ல தியாகராஜர் சமாதிக்கு கோயில் எழுப்புனது யாரு? பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878ல பொறந்தவங்க, 1921ல வேலைய ஆரம்பிக்கிறப்ப நாப்பது தாண்டியாச்சு, பாடிச் சம்பாதிச்ச காசு நகை எல்லாத்தையும் அதுல போட்டாங்க. ஆராதனையில பொம்பளைங்க பாடக்கூடாதுன்னு இருந்த காலம்ணே அது, அவங்க பொம்பளைங்களத் தனியா சேத்து கச்சேரி பண்ண வச்சாங்க. இன்னிக்கு ஆணும் பொண்ணும் சேந்து உக்காந்து பஞ்சரத்தினம் பாடுறாங்களே, அதுக்குப் பின்னாடி அந்த அம்மா இருக்காங்க. நாப்பதுக்கு மேல வீட்ல கெடன்னு அவங்ககிட்ட சொல்லியிருப்பீங்களா?

லிசாவுக்கு கிராமிங்கிற பெரிய இசை விருது வந்தது குழந்தை ஆல்பத்துக்குத்தானேன்னும் கேட்டாங்க. ஆமா, 2018ல வந்துச்சு, ராக்குக்குத் திரும்புனதுக்கு அப்புறம். ரெண்டையும் ஒரே தொண்டைதான் பாடுச்சு.

எங்க அப்பாயி நடவுக்குப் போவும். வரப்பு மரத்துல ஏணை கட்டி எங்க அப்பாவ போட்டு, தாலாட்டு பாடித் தூங்க வச்சுட்டு சேத்துல எறங்கும். எறங்குனதும் வேற பாட்டுங்க, அந்தப் பாட்டுல மாமன் வருவான், மாமியாக் கொடும வரும், கடன் வரும், இடுப்பு வலி வரும். புள்ளைக்குப் பாடுனா போதும்னு யாரும் சொல்லல, ஏன்னா சேத்துல குனிஞ்சு நின்ன அத்தன பொம்பளைக்கும் அந்தப் பாட்டு தேவைப்பட்டுச்சு. இங்க உக்காந்திருக்க அம்மாங்களே, நீங்க எத்தன பேரத் தூங்க வச்சிருப்பீங்க, உங்களுக்குன்னு யாராவது பாடுனாங்களா? ஒரு அம்மா பாடுனாங்க, அதத் தப்புன்னு சொல்லிடாதீங்க நடுவரே.