சுவரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். போர் ஓவியம் என்றாலே கண் முதலில் வாளுக்கும் கொடிக்கும்தான் ஓடும். இன்று நான் சொல்லும் ஓவியத்தில் சுவரைப் பாருங்கள் என்பேன்.

ஜான் பிளேக் வொயிட் 1826-இல் வரைந்த அந்த ஓவியம் அமெரிக்க செனட் சபையில் இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போரில், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில், சல்லிவன் தீவுக் கோட்டையை அமெரிக்க வீரர்கள் பிரிட்டிஷ் கப்பல்களிடமிருந்து காக்கிறார்கள். நடந்தது 1776 ஜூன் 28. ஓவியர் பிறந்ததோ 1781-இல். கேள்விப்பட்டு வளர்ந்ததைத்தான் வரைந்திருக்க வேண்டும்.

கோட்டை பாதிதான் எழும்பியிருந்தது. நம் கிருஷ்ணகிரியில் திரும்பின பக்கமெல்லாம் பாறை. அங்கே திரும்பின பக்கமெல்லாம் மணல். கல்லுக்கு எங்கே போவது? பால்மெட்டோ மரங்களை வெட்டி, 16 அடி இடைவெளி விட்டு இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் மணலைக் கொட்டினார்கள். பால்மெட்டோ என்பது நம் பனை, தென்னைக்குப் பங்காளி. அமெரிக்கத் தளபதி சார்ல்ஸ் லீ வந்து பார்த்துவிட்டு, இது தாங்காது, காலி செய்யுங்கள் என்றார். கோட்டைக்குப் பொறுப்பாக இருந்த கர்னல் மோல்ட்ரி அசையவில்லை.

முற்பகலில் தொடங்கி இரவு வரை கப்பல்கள் சுட்டன. சுவர் விழவில்லை. தென்னை வெட்டியவர்களுக்கு இது புரியும். வேம்பில் கோடாலி போட்டால் சில்லு தெறிக்கும். தென்னையில் போட்டால் நாரில் சிக்கிக்கொள்ளும், பிடுங்குவதே தனி வேலை. குண்டுகளும் அப்படித்தான் புதைந்து நின்றன. அந்தக் காலச் சண்டையில் குண்டுக்குச் சமமாக ஆளைக் கொன்றது தெறிக்கும் மரச் சிலாம்பு. இங்கே சிலாம்பே பெரிதாகக் கிளம்பவில்லை. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், சுவரைப் பாருங்கள்.

உள்ளே வெடிமருந்துக்குப் பஞ்சம். நிதானமாகக் குறிபார்த்தே சுட்டார்கள். நடுவில் கொடி குண்டடிபட்டு வெளியே விழ, சார்ஜன்ட் ஜாஸ்பர் குதித்து எடுத்து, பீரங்கிக் குழாய் துடைக்கும் கம்பில் கட்டி மறுபடி நட்டார். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் தென் கரோலினா மாநிலக் கொடியில் இன்றும் நிற்பது அந்த மரம்!

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். நம் ஊர்ச் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று பிரிட்டிஷ் தரைப்படையோடு வந்து, பக்கத்துத் தீவிலிருந்து நீரைக் கடக்க முடியாமல் நின்றவர்களில் ஒருவர் காரன்வாலிஸ். பிறகு அவரே இந்தியாவில் கவர்னர் ஜெனரலாகித் திப்புவோடு போரிட்டார். 1791 நவம்பரில் அவர் படையின் ஒரு பிரிவு, மேக்ஸ்வெல் தலைமையில், கிருஷ்ணகிரிப் பேட்டையைப் பிடித்து மலைக்கோட்டைமேல் ஏறப் பார்த்தது. மேலிருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். வந்தவர்கள் இறங்க வேண்டியதாயிற்று. அந்தக் காட்சியை நம் மாவட்டத்தில் ஓவியம் படிக்கும் பிள்ளை ஒருவர் பெரிய துணியில் வரைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வரைவதற்குமுன் ஒருமுறை மலையேறி அந்தப் பாறைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். வணக்கம்.