கோதுமையின் தேமல் நோய்: அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையில்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். உளுந்தில் மஞ்சள் தேமல் நோயைக் கண்ட விவசாயிகளுக்கு, நச்சுயிரி தாக்கிய பயிரை மருந்து தெளித்துக் குணப்படுத்த முடியாது என்பதும், நோயைப் பரப்பும் வெள்ளை ஈயைத்தான் கவனிக்க வேண்டும் என்பதும் தெரியும். கோதுமையிலும் நிலைமை அதுவே. ஆனால் நான் இன்று பேசவிருக்கும் நோயைப் பரப்பும் உயிரி வெறும் கண்ணுக்குப் புலப்படாது.

அமெரிக்காவின் கான்சாஸ், நெப்ராஸ்கா சமவெளிகளில் செப்டம்பர், அக்டோபரில் விதைக்கும் கோதுமையை மறு ஆண்டு ஜூன், ஜூலையில் அறுக்கிறார்கள். இடையே வசந்தத்தில் வெயில் ஏறும்போது இலைகளில் மஞ்சள் கோடுகள் விட்டுவிட்டுத் தோன்றுகின்றன. பயிர் குட்டையாகி, மணி சிறுத்துப் போகிறது. 1922-இல் நெப்ராஸ்காவில் கவனிக்கப்பட்ட இந்தக் கோட்டுத் தேமல் நோய் எதனால் பரவுகிறது என்பதற்கு, 1950-களில்தான் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஸ்லைக்ஹியூஸ் என்ற ஆய்வாளர் விடை கண்டார். நம் தென்னையில் குரும்பையைச் சேதப்படுத்தும் ஈரியோபைட் சிலந்தி என்னும் நுண்பேனின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு சிலந்திதான் அது. கால் மில்லிமீட்டர் நீளமே உள்ள இதற்கு இறக்கை கிடையாது; காற்றுதான் இதை வயல்விட்டு வயல் கொண்டுசெல்கிறது. உள்பக்கம் சுருண்ட இலை விளிம்பை மெல்லப் பிரித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், நீண்ட வெண்ணிறப் புழுக்களைப் போல நெளிவது தெரியும்.

பச்சை இலை இல்லாமல் இந்தச் சிலந்தியால் சில நாட்களுக்கு மேல் உயிர்வாழ முடியாது. அப்படியானால் அறுவடைக்குப் பின் விதைப்பு வரை இது எங்கே பிழைத்திருக்கிறது என்பதே முக்கியமான கேள்வி. அறுவடை நெருங்கும் வேளையில் ஆலங்கட்டி மழை பெய்தால், முற்றிய மணிகள் உதிர்ந்து தாமாகவே முளைத்துவிடுகின்றன. காய்ந்துவரும் கதிரிலிருந்து சிலந்தி அந்த இளம்பயிருக்கு மாறிக்கொள்கிறது. யாரும் விதைக்காத, யாரும் கவலைப்படாத அந்தப் பயிரே நோயின் பாலம். விதைப்புக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பாக, வயலைச் சுற்றி அரை மைல் தூரம் வரை அதை அழித்துவிட வேண்டும் என்பதையே நான் எங்கு பேசினாலும் வலியுறுத்துகிறேன். தன் வயலை மட்டும் சுத்தமாக வைத்திருப்பவர், அண்டை வயல்காரர் அசட்டையாக இருந்தால் தப்ப முடியாது. 2017-இல் கான்சாஸ் மாநிலத்தில் மட்டும் இந்நோயால் 7.5 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டது. ஏப்ரலில் மஞ்சளைப் பார்த்துவிட்டு என்ன தெளிக்கலாம் என்று கேட்பவரின் பயிருக்கு நோய் பெரும்பாலும் முந்திய இலையுதிர் காலத்திலேயே தொற்றியிருக்கும். மீண்டும் சொல்கிறேன், கவனிக்க வேண்டிய காலம் விதைப்புக்கு முந்தியது.

எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்களைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. டபிள்யூஎஸ்எம்-2 என்ற மரபணு, ஏறத்தாழ 18 டிகிரி செல்சியஸ் வரை நன்றாகக் காக்கிறது, வெப்பம் கூடினால் தளர்ந்துவிடுகிறது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். அசுவினி பரப்பும் மஞ்சள் குட்டை நோயும், மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் பாலிமிக்சா என்ற நுண்ணுயிரி வேர்வழியே கொண்டுவரும் தேமலும் கோதுமையைத் தாக்குபவையே. இந்த இரண்டாவது நோய்க்கு எதிர்ப்பு ரகம் தவிர வேறு நடைமுறை வழியில்லை. வணக்கம்.