சப்பென்ற ஆப்பிள்

நண்பர்களே, வணக்கம். 2022 ஆகஸ்டில் சியோலில் ஒரு கஃபே, வெப்டூன் (இணையச் சித்திரக்கதை) ஓவியர் கையெழுத்திடும் நிகழ்ச்சிக்கான முன்பதிவில் குளறுபடி ஆனதற்காக மன்னிப்புக் கேட்டது. 'சிம்சிம்ஹான் சாக்வா' என்று எழுதியிருந்தார்கள். ஆழ்ந்த மன்னிப்பு என்று அர்த்தம். படித்த சிலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏனென்றால், அன்றாடக் கொரிய மொழியில் சிம்சிம்ஹான் என்றால் பொழுது போகாத, போரடிக்கிற. சாப்பாட்டைச் சொன்னால் சப்பென்ற. சாக்வா என்றால் ஆப்பிளும்கூட. ஆக, அந்த ஆழ்ந்த மன்னிப்பைச் சப்பென்ற ஆப்பிள் என்றும் படிக்கலாம்!

போரடிக்கிற சிம்சிம் சொந்தக் கொரியச் சொல். ஆழ்ந்த சிம்சிம், சீன எழுத்துகளின் வழியே வந்தது. இப்படி வந்த சொற்கள் அங்கே ஏராளம். சீனத்தில் ஓர் அசையை எந்தத் தொனியில் சொல்கிறோம் என்பதே பொருளைப் பிரிக்கும். இன்றைய பொதுக் கொரிய மொழியில் தொனி கிடையாது. 'பாங்ஹ்வா' என்பது தீ வைப்பதும்தான், தீயைத் தடுப்பதும்தான். சீனர் வாயில் முதல் அசை ஒன்றில் இறங்கும், மற்றதில் ஏறும். கொரியர் வாயில் இரண்டும் ஒன்றே. சீன எழுத்தில் எழுதினால் கண்ணுக்காவது வேறுபாடு தெரியும். 1446இல் மன்னர் சேஜோங் வெளியிட்ட கொரிய எழுத்துமுறையான ஹங்குல் ஒலியை மட்டுமே எழுதுகிறது. அரசு ஆவணங்களை ஹங்குலில் எழுத வேண்டும் என்று 1948இல் சட்டமும் வந்தது.

சரி, தினமும் குழம்பித் தவிக்கிறார்களா? இல்லை. 'பாங்ஹ்வா'வோடு 'போம்' சேர்ந்தால் தீ வைத்த குற்றவாளி, 'ப்யோக்' சேர்ந்தால் தீத்தடுப்புச் சுவர். விளையாட்டுச் செய்தியில் வரும் 'யோன்பே' இன்னும் வேடிக்கை: தொடர் தோல்வி, தொடர் சாம்பியன் பட்டம் இரண்டும் அதுவே. 'மூன்று யோன்பேயில் விழுந்தது' என்றால் பாவம், தோற்ற அணி. 'மூன்று யோன்பேயைச் சாதித்தது' என்றால் கோப்பை கையில். உருபும் வினையும் காப்பாற்றிவிடுகின்றன.

1909இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இத்தோ ஹிரோபுமியைச் சுட்ட கொரிய விடுதலைப் போராளி ஆன் ஜுங்-குன்னை 'உயிசா' என்பார்கள், அதாவது தியாக வீரர். மருத்துவரும் உயிசாதான். பிள்ளைகள் அவரை டாக்டர் என்று நினைத்துக்கொள்வதாகப் பழைய நகைச்சுவை உண்டு.

சீன எழுத்தைப் பள்ளியில் வலுவாகச் சொல்லிக்கொடுத்தால் தீரும் என்று ஒரு சாரார் வாதாடுகிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். எழுத்து தெரியாததால் அல்ல, அந்தச் சொல்லையே எங்கும் படித்திராததால்தான் கஃபேமீது கோபம் வந்தது.

அப்புறம் இன்னொன்று. கொரியாவில் அக்டோபர் 24 ஆப்பிள் நாள். யாரையாவது புண்படுத்தியிருந்தால் அன்று ஓர் ஆப்பிளை நீட்டலாம், சாக்வாவுக்குச் சாக்வா. பழம் மட்டும் சப்பென்று இருக்கக்கூடாது.