சாமுராய்க்கு முதலில் ஒரு குதிரை கொடுங்கள்

நண்பர்களே, வணக்கம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டை ஆடுகிற ஒருவரிடம் சாமுராய் ஒருவரை வரைந்து காட்டச் சொன்னால் பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். இடுப்பில் இரண்டு வாள், நெரித்த புருவம், அதிகம் பேசாத வாய். நம் ஆட்டங்களில் இந்த கிளாஸ், அதாவது ஆட்டக்காரர் எடுத்துக்கொள்ளும் பாத்திர வகை, திரும்பத் திரும்பச் சப்பென்று போவதற்கு இந்தப் படம்தான் காரணம் என்பது என் கட்சி. வாளிலிருந்து தொடங்கினால், ஃபைட்டர் என்ற பொதுவான போர்வீரர் கிளாஸுக்கு வேறு உடுப்பு மாட்டிவிட்டதாகத்தான் முடியும். குதிரையிலிருந்தும் வில்லிலிருந்தும் தொடங்க வேண்டும். அதைவிட முக்கியமாக, செய்த வேலைக்குக் கூலி கேட்டு வாசலில் நிற்கும் மனிதனிலிருந்து தொடங்க வேண்டும்.

முன்னால் விதிநூல்களில் சாமுராயை வைத்து என்னென்ன செய்து பார்த்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985-இல் வந்த ‘ஓரியண்டல் அட்வென்சர்ஸ்’ விதிநூலில் சாமுராய் ஒரு முழு கிளாஸாக வந்தார், கூடவே மானத்தை எண்ணால் அளக்கும் முறையும் வந்தது. 2003-இல் ‘கம்ப்ளீட் வாரியர்’ தந்த சாமுராய்க்கு இரட்டை வாளைத் தவிர வேறு பாதையே கிடையாது. ஃபைட்டர் தன் ஃபீட்களை, அதாவது சிறப்புத் திறன்களை, தானே தேர்ந்தெடுப்பார், சாமுராய்க்கோ எல்லாம் முன்பே எழுதி வைத்தாகிவிட்டது. கர்ஜித்து அடிக்கலாம், முறைத்துப் பயமுறுத்தலாம், அவ்வளவுதான். 2011-இல் பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டம் அவரை கவலியர் என்ற குதிரைவீரர் கிளாஸின் மாற்று வடிவமாக எழுதியபோது குதிரை கிடைத்தது. அதற்காகவே அந்த வடிவமைப்பாளர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2017-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் சாமுராய், ஒரு நீண்ட ஓய்விலிருந்து அடுத்த நீண்ட ஓய்வு வரை மூன்று முறை, தன் டர்ன் (ஆடும் முறை) ஒன்று முழுக்கத் தாக்குதலுக்கு இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம் என்றது. அந்த விதி வாளை மட்டும் குறிப்பிடவில்லை. அதனால் நிறைய பேர் அந்தச் சாமுராய் கையில் நீள வில்லைக் கொடுத்தார்கள். கணக்குப் பார்த்துச் செய்த அந்தத் தேர்வு அவரை வரலாற்றுக்கு மிக அருகில் கொண்டுபோனது.

சரி, அந்த வரலாறு என்ன?

1274-இல் மங்கோலியப் படை ஜப்பானின் தென் தீவான கியூஷுவின் ஹகாதா விரிகுடாவில் இறங்கியது. ஹிகோ மாகாணத்துச் சாமுராய் தகேசாகி சுவேனாகா அப்போது நிலத் தகராறில் சிக்கி, கையில் நிலமில்லாமல் இருந்தவர். விரல்விட்டு எண்ணக்கூடிய குதிரைவீரர்களோடு, முதலில் பாய்ந்தவன் என்ற பெயர் தனக்கு வேண்டும் என்று முன்னேறினார். குதிரை அம்பு பட்டு விழுந்தது, அவருக்கும் காயம். ஷிராய்ஷி மிச்சியாசு என்ற இன்னொரு வீரர் தன் ஆட்களோடு வந்து சேர்ந்திராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் கிளாஸ் எழுதுகிறவருக்குப் புதையல் இதற்கு அப்புறம்தான் இருக்கிறது. பரிசு எதுவும் வரவில்லை. 1275-இல் அவர் குதிரைகளையும் சேணங்களையும் விற்று வழிச்செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு, அன்றைய ராணுவ அரசின் தலைமையிடமான காமகுரா வரை போனார். அங்கே அதிகாரி அடாச்சி யாசுமோரி முன்னால் நின்று வாதாடினார். எதிரியின் தலை எதையும் கொண்டு வந்தாயா? இல்லை. உன் ஆட்கள் யாராவது இறந்தார்களா? இல்லை, காயம்தான். ஆனால் முதலில் பாய்ந்தவன் நான், விசாரித்துப் பாருங்கள், பொய்யென்றால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கடைசியில் நிலப் பொறுப்பும் ஒரு குதிரையும் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார். பிற்பாடு இதையெல்லாம் ஓவியச் சுருளாக வரையச் செய்தார். அந்தச் சுருள்கள் இன்றும் ஜப்பானிய அரச சேகரிப்பில் இருக்கின்றன.

1281-இல் மங்கோலியர்கள் மறுபடி வந்தபோது அவருக்குப் படகு கிடைக்கவில்லை. பொய் சொல்லி அடுத்தவர் படகில் ஏறினார். தலைக்கவசம் கையில் இல்லை, காலில் கட்டும் கவசத்தைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனார். இப்படிப்பட்ட மனிதருக்கு நம் பழைய விதிநூல் மானப் புள்ளியைக் குறைத்திருக்கும். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. மானம், மரணம் என்று முழங்கும் வாசகங்களில் பல, போரே இல்லாத காலத்தில் பிறந்தவை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படிப் பேசிய யாமமோட்டோ சுனெட்டோமோ ஒரு போரையும் பார்த்தவர் அல்ல. சாமுராய்களின் நெறி என்று சொல்லப்படும் புஷிடோவை உலகுக்கு விளக்கிய நிதோபே இனாசோவின் நூல் 1900-இல், அதுவும் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அந்த வாசகங்களை 1274-இன் குதிரைவீரர் தலையில் கட்டக் கூடாது.

இனி நான் எழுதிய சாமுராய் கிளாஸின் விதிகளுக்கு வருகிறேன்.

முதலாவது, இடப்பக்கம். ஜப்பானிய வில் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம். பிடி நடுவில் இல்லை, அடியிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. குதிரைமேல் இருந்து எய்ய அது வசதி. வில் இடக்கையில் இருப்பதால் இடப்பக்கம் எய்வது எளிது, வலப்பக்கம் திரும்பி எய்வது மிகக் கடினம். ஆகவே சண்டை முழுக்க எதிரியை என் இடப்பக்கம் கொண்டுவரும் முயற்சி, நான் அவன் இடப்பக்கத்தில் சிக்காமல் இருக்கும் முயற்சி. கட்டம் போட்ட பலகையில் இது எவ்வளவு அழகாக வேலை செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். என் விதி இதுதான்: குதிரைமேல் இருக்கும் சாமுராய் தன் இடப்பக்க எதிரிமேல் எய்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பார், வலப்பக்கம் எய்யவே முடியாது. நகர்வு தீர்ந்த பிறகு முகம் எந்தப் பக்கம் என்று சொல்லியாக வேண்டும். மந்திரம் எதுவும் இல்லாமல் ஒவ்வொரு டர்னிலும் ஒரு நல்ல முடிவு கிடைக்கிறது.

அவர் கவசத்தையும் கவனியுங்கள். இரண்டு கையும் வில்லுக்கே போய்விடுகிறது, கேடயம் பிடிக்கக் கையில்லை. அதனால்தான் தோளில் அவ்வளவு பெரிய பலகைகள் தொங்குகின்றன. வில் கையில் இருக்கும்போது அவை கேடயமாகக் கணக்கில் வரும், குதிரையை விட்டு இறங்கினால் வராது.

இரண்டாவது விதிதான் என் மனசுக்கு நெருக்கமானது. சாட்சி. சுவேனாகாவும் மிச்சியாசுவும் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லிக்கொண்டார்கள். யாரும் பார்க்காத வீரத்துக்கு அங்கே விலையில்லை. ஆகவே சண்டை தொடங்கும்போது சாமுராய் ஆடுபவர் ஒரு செயலை அறிவிக்க வேண்டும்: முதலில் பாய்வேன், விழுந்த தோழரைத் தூக்குவேன், அவர்கள் தலைவனோடு மோதுவேன். கூடவே இன்னொரு ஆட்டக்காரரைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். செயல் நடந்து, சாட்சியின் கண்ணில் பட்டு, சாட்சி உயிரோடும் இருந்தால் கேரக்டர் ஷீட்டில், அதாவது பாத்திரத்தின் விவரத் தாளில், ஒரு குறி. இந்தக் குறி தாக்குதலுக்கோ சேதத்துக்கோ உதவாது. ஆண்டையிடம் போய்ச் சொன்னால் நிலமாக, ஆளாக, குதிரையாக மாறும். இப்போது பாருங்கள், திருடன் பாத்திரத்தை ஆடுகிறவருக்கும் சாமுராயின் சண்டையில் ஒரு வேலை வந்துவிட்டது. தன் சாட்சியை உயிரோடு காப்பாற்ற சாமுராய்க்கும் ஒரு காரணம் வந்துவிட்டது. நற்பண்பை எண்ணிட்டு அளக்காமலேயே நற்செயல் நடக்கிறது.

பாதாளக் குகைக்குள் குதிரையை எப்படிக் கொண்டுபோவது என்று கட்டாயம் கேட்பீர்கள். கொண்டுபோக வேண்டாம். அந்தக் காலச் சண்டை அம்போடு நின்றுவிடவில்லை. அம்பு தீர்ந்தால் நீண்ட கழியில் வளைந்த அலகு பொருத்திய நகினாட்டா, வாள், கடைசியில் கட்டிப் புரண்டு குறுவாளால் முடிப்பது. ஆகவே குகைக்குள் இவருக்கு மல்யுத்த விதிகளில் வலு கொடுத்திருக்கிறேன்: எதிரியைப் பிடித்துவிட்டால் குறுவாள் குத்துக்குக் கூடுதல் பகடை.

உயர் லெவலில் என்ன தருவது என்பதுதான் கடினமான இடம். வழக்கமாக இன்னும் ஒரு அடி, இன்னும் கொஞ்சம் சேதம் என்று நிரப்புவார்கள். நான் வரலாற்றையே கேட்டேன். மங்கோலியர்களை விரட்டியதால் காமகுரா அரசுக்குப் புதிதாக ஒரு காணி நிலமும் கிடைக்கவில்லை. கடல் தாண்டி வந்தவனைத் துரத்தினால் பறிமுதல் செய்ய நிலம் எங்கே இருக்கும்? போரிட்ட பலருக்குக் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை. 1333-இல் அந்த அரசு விழுந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் இந்தக் கசப்பும் ஒன்று. செஞ்சோற்றுக் கடன் ஒருபக்கம் மட்டும் தீர்க்கிற கடன் அல்ல.

அதனால் 11-ஆம் லெவலில், சேர்த்து வைத்த குறிகளோடு போகும் சாமுராய்க்கு ஆண்டை ஒரு முறை கையை விரிக்க வேண்டும். பிறகு ஆடுபவர் மூன்று வழிகளில் ஒன்றை எடுக்கலாம். தலைநகருக்குப் போய் வழக்காடலாம், அதில் குறிகள் சாட்சியங்களாக நிற்கும். வேறு ஆண்டையைத் தேடலாம், பாதிக் குறிகள் போகும். அல்லது தன்னைப் போலவே ஏமாந்தவர்களைத் திரட்டலாம், ஒவ்வொரு குறிக்கும் ஒரு குதிரைவீரர் வந்து சேருவார். மூன்றுக்கும் தனித்தனி லெவல் அட்டவணை எழுதியிருக்கிறேன்.

ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு கட்டம் வரும் என்பதை முதல் நாளே ஆட்டக்காரரிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவருக்கு அது தண்டனையாகத் தோன்றும். விதித்தாள்களைப் பின்வரிசை மேசையில் வைத்திருக்கிறேன், எடுத்துப்போய் ஆடிப் பாருங்கள். பறக்கும் எதிரிக்கு இடப்பக்க விதியை எப்படிப் பொருத்துவது என்பது மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை. யாருக்காவது யோசனை இருந்தால் இப்போதே பேசலாம், நேரம் இருக்கிறது.