கைக்கு எட்டியது வாய்க்கும் எட்டட்டும்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, இவ்விழாவை முன்னின்று நடத்தும் சங்கச் செயலாளர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையைச் சிறப்பித்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, இந்த அரங்கை வாடகையின்றித் தந்துதவிய நூலகப் பொறுப்பாளர் அவர்களே, எனக்கு முன் பேசி அவையைத் தம் வசமாக்கிய பேராசிரியர் அவர்களே, பாஸ்டனைத் தம் ஊராக்கிக்கொண்ட பெரியோர்களே, நம் ஊர்ப் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸின் தொப்பியணிந்து வந்திருக்கும் குழந்தைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் பேஸ்பால் பந்து ஒன்றைப் பரிசளித்த சங்கத்தாருக்கு என் தனி நன்றி.

பேஸ்பால் பருவம் முடிவை நெருங்கும் செப்டம்பர் மாதத்து ரசிகனின் மனவேதனையைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். 162 ஆட்டங்கள் கொண்ட நெடும் பருவம் ரசிகனை எப்படி அலைக்கழிக்கிறது என்பது முதலாவது. நியூயார்க்கின் யாங்கீஸ் அணியோடு நமக்குள்ள பகையின் வரலாறு இரண்டாவது. இந்த ஆட்டங்களைப் பார்க்கும் வாய்ப்பு யாருக்கு வாய்க்கிறது, யாருக்கு வாய்ப்பதில்லை என்பது மூன்றாவது.

‘கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை’ என்று நம் முன்னோர் சொன்னதன் முழுப் பொருளை அறிய வேண்டுமானால் 1978ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு ஜூலை நடுவில் யாங்கீஸ் நமக்கு 14 ஆட்டங்கள் பின்தங்கியிருந்தார்கள். செப்டம்பர் 7 முதல் 10 வரை அவர்கள் நம் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்குக்கு வந்து, நான்கு ஆட்டங்களையும் வென்று, மொத்தம் 42 ரன்கள் குவித்தார்கள். நாம் எடுத்தவை ஒன்பது. அதோடு நாம் ஓய்ந்துவிடவில்லை. கடைசி எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று, இரு அணிகளும் 99 வெற்றிகளோடு சமநிலையில் நிற்க, அக்டோபர் 2ஆம் நாள் பிற்பகலில், அதே ஃபென்வே பார்க்கில், ஒரே ஓர் ஆட்டத்தால் முடிவு காண வேண்டியதாயிற்று.

அந்த ஆட்டத்தை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு நெஞ்சு படபடக்கும். ஏழாவது இன்னிங்ஸில் நாம் இரண்டுக்குப் பூஜ்யம் என்று முன்னிலையில் இருக்கிறோம். யாங்கீஸுக்கு இருவர் அவுட், ரன் எடுக்கக் காத்து இருவர் பேஸ்களில். அடிக்க வருகிறவர் பக்கி டென்ட். பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எடுக்கும் ஹோம் ரன்னை அந்தப் பருவம் முழுவதும் அதுவரை நான்கே முறை அடித்தவர். அவர் அடித்த பந்து அவர் காலிலேயே பட்டு, வலியால் நொண்டுகிறார். மருத்துவ உதவியாளர் ஓடி வருகிறார், ஆட்டம் நிற்கிறது. அந்த இடைவெளியில் பந்தெறியும் நம் பிட்சர் மைக் டாரெஸ், கை சூடு ஆறாமலிருக்க ஒரு பந்துகூட எறிந்து பார்க்காமல் நிற்கிறார். டென்ட்டின் பேட் விரிசல் கண்டிருப்பதைக் கவனித்த சக வீரர் மிக்கி ரிவர்ஸ் தம் பேட்டை அவருக்குக் கொடுத்தனுப்புகிறார். இரவல் பேட்! அடுத்த பந்து, மைதானத்தின் இடப்புற எல்லையில் 37 அடி உயரத்தில் நிற்கும் நம்முடைய பச்சைச் சுவரைத் தாண்டிப் போய் வலையில் விழுகிறது. மூன்றுக்கு இரண்டு. பிறகு அவர்கள் ஐந்தாக்கினார்கள், நாம் எட்டாவதில் நான்கு வரை வந்தோம். ஒன்பதாவதில் நம் ஜெர்ரி ரெமி அடித்த பந்து, கண்ணைக் கூசவைத்த வெயிலில் யாங்கீஸின் லூ பினியெல்லாவுக்குத் தெரியவே இல்லை. குருட்டாம்போக்கில் அவர் நீட்டிய கையுறைக்குள் அது துள்ளி வந்து விழுந்தது. அது மட்டும் அவரைக் கடந்து ஓடியிருந்தால்! இறுதியில் மூன்றாவது பேஸில் நம்மவர் ஒருவர் காத்திருக்க, நம் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி உயர அடித்த பந்து யாங்கீஸின் கிரெய்க் நெட்டில்ஸ் கையில் சிக்கியது. ஐந்துக்கு நான்கு. முதலிடம் பெறாத அணிக்கும் அடுத்த சுற்றில் இடம் தரும் வைல்டு கார்டு இல்லாத காலம் அது. 99 ஆட்டங்களை வென்ற அணி வீட்டுக்குப் போனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

ஆனால் அன்பர்களே, அந்தத் தோல்வியைப் பட்டப்பகலில் இந்த ஊர் முழுவதும் ஒன்றாகச் சுமந்தது. அக்காலத்தில் ரெட் சாக்ஸ் ஆட்டங்களை 38ஆம் அலைவரிசை ஆன்டெனா உள்ள எவருக்கும் இலவசமாகக் காட்டியது. இன்றோ பெரும்பாலான ஆட்டங்கள் கட்டணத் தொலைக்காட்சிக்குள் இருக்கின்றன. பணம் கட்டினாலும் இரவு கண்விழிக்க வேண்டும். 2004 லீக் இறுதித் தொடரில் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்ற பின் நாம் மீண்டெழுந்த நான்காவது ஆட்டத்தை டேவிட் ஓர்ட்டிஸ் தம் ஹோம் ரன்னால் முடித்தபோது இரவு மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. 2011 செப்டம்பர் தொடக்கத்தில் டாம்பா பே அணியைவிட ஒன்பது ஆட்டங்கள் முன்னிலையில் இருந்த நாம், 28ஆம் நாள் பால்டிமோரில் ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட்டுக்குப் பிறகு தோற்றோம். சில நிமிடங்களில், வேறோர் ஆட்டத்தில் டாம்பா பேயின் எவான் லாங்கோரியா அடித்த ஹோம் ரன் நம்மை வெளியேற்றியது. மழையால் தாமதமான நம் பால்டிமோர் ஆட்டம் முடிந்தது நள்ளிரவுக்கு மேல். என் தெருப் பிள்ளைகள் காலையில் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும்போதுதான் அதை அறிந்தார்கள். ஓர் அணியின் மகிழ்ச்சியிலும் துயரிலும் பிள்ளைகளுக்குப் பங்கில்லையென்றால், அவர்கள் எந்த உறவோடு அந்த அணியைத் தமதென்பார்கள்?

ஞாயிறு பிற்பகலில் நடக்கவேண்டிய ரெட் சாக்ஸ்–யாங்கீஸ் ஆட்டத்தைத் தேசிய ஒளிபரப்புக்காக இரவுக்குத் தள்ளும் வழக்கம் பல்லாண்டுகளாக உண்டு. மறுநாள் பள்ளி நாள் என்பதை எவரும் நினைப்பதில்லை. ஒளிபரப்பு உரிமைத் தொகையில்தான் வீரர்களின் சம்பளம் இருக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். 162 ஆட்டங்களையும் இலவசமாகத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. பருவத்தின் கடைசி இரண்டு வாரங்களில் தகுதியைத் தீர்மானிக்கும் ஆட்டங்களை மட்டும், இந்த வட்டாரத்தில், ஆன்டெனா வழியே எல்லோருக்கும் காட்டுங்கள். அவற்றுள் வாரயிறுதியில் வருபவற்றையாவது பிற்பகலில் தொடங்குங்கள். கையெட்டும் தூரத்தில் ஃபென்வே இருந்தும் வாய்க்கு எட்டாத நிலை நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

இவ்விரு கோரிக்கைகளையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வாயிலருகே உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். ஒரு படி அணி நிர்வாகத்துக்கும், மற்றொரு படி லீக் ஆணையர் அலுவலகத்துக்கும் செல்லும். நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையொப்பமிட அன்போடு வேண்டுகிறேன். குழந்தைகளும் தத்தம் வயதைக் குறிப்பிட்டுக் கையொப்பமிடலாம். அவர்களுக்கென்றே தனித்தாள் இருக்கிறது. நன்றி, வணக்கம்.