இலவசம் வேறு, அனுமதி வேறு

அனைவருக்கும் வணக்கம். ஆசிரியர்கள் நிறைந்த அரங்கில் என் குட்டு ஒன்றை நானே உடைத்துவிடுகிறேன்.

ஒளிச்சேர்க்கை பாடத்துக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு பயிற்சித்தாள் தயாரித்து இணையத்தில் போட்டிருந்தேன். காசு கிடையாது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை மின்னஞ்சல் அனுப்பினார்: "சேர், எங்கட பிள்ளையளுக்கு இது ஒளித்தொகுப்பு. கார்பன் டைஆக்சைடு காபனீரொட்சைட்டு. சொல்லுகளை மாத்தி மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் குடுக்கலாமோ?" அந்தக் கடிதம் ஸ்பாமில் நான்கு மாதம் கிடந்தது. நான் பார்த்தபோது அங்கே அந்தப் பாடமே முடிந்துவிட்டது.

இலவசமாகத்தானே போட்டேன், அவர் ஏன் கேட்க வேண்டும்? கேட்டுத்தான் ஆக வேண்டும். எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை நமக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. இந்தியச் சட்டப்படி நாம் போன பிறகும் 60 ஆண்டு அது நிற்கும். எட்டுப் பக்கப் பயிற்சித்தாளுக்கு இவ்வளவு காவல்!

இந்தப் பூட்டைத் திறக்கத்தான் 2002 டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்தன. யாரும் கேட்காமலே, எழுதியவரே முன்கூட்டிக் கொடுத்துவிடும் அனுமதி இது. பெயரைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள் என்பது 'பை'. மாற்றினால் நீயும் இதே உரிமத்தில் கொடு என்பது 'எஸ்ஏ'. வணிகத்துக்கு ஆகாது என்பது 'என்சி'. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் திறந்து வைத்திருப்பது இந்த மூன்றையும் சேர்த்துத்தான்.

மாற்றியதைப் பகிராதே என்பது நான்காவது, 'என்டி'. இதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். 'என் பாடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது' என்ற ஆசையில் இதைப் போட்டுவிடுகிறோம். மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். உங்கள் பாடத்தை ஒருவர் மலையாளத்தில் எழுதித் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம், வெளியிட முடியாது. யாழ்ப்பாணத்து ஆசிரியை சொற்களை மாற்றிப் பகிர்வதற்கும் அதே தடைதான்.

'யாராவது அச்சடித்து விற்றுவிட்டால்?' என்று கேட்பீர்கள். பை-எஸ்ஏ போட்டால் விற்கலாம், உண்மைதான். ஆனால் உங்கள் பெயரைப் போட வேண்டும், வாங்கியவர் நகலெடுப்பதைத் தடுக்கவும் முடியாது. எனக்கு அது போதும். அப்புறம், ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. அதனால் யோசித்துப் போடுங்கள். அடுத்தவர் படத்தை ஒட்டி வைத்திருந்தால் அதற்கு உரிமம் கொடுக்க நீங்கள் யார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நான் முதல் பக்கத்தின் அடியில் 'கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0' என்று ஒரு வரி சேர்த்து, இணைப்பும் கொடுத்து, அந்த ஆசிரியைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அடுத்த ஆண்டு அவருடைய தாள் வந்தது. சொற்களை மட்டும் மாற்றவில்லை. மூன்றாம் பக்கத்துப் படத்தில் ஆக்சிஜன் இலைக்குள் போவதாக நான் போட்டிருந்த அம்புக்குறியை வெளிப்பக்கம் திருப்பியிருந்தார்.