வலது கை நிற்கக் கூடாது

நேயர்களுக்கு வணக்கம்.

வாழ்க்கையில் ஒரு வாத்தியத்தையும் தொடாமல் இருந்துவிட்டு, முப்பதிலோ ஐம்பதிலோ அறுபதிலோ யுகுலேலே என்ற குட்டிக் கிட்டார் போன்ற வாத்தியத்தைக் கையில் எடுப்பவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "இந்த வயசுல விரல் வளையுமா?" என்றுதான். வளையும். நான்கே தந்திகள், அவையும் பெரும்பாலும் நைலான். எஃகுத் தந்தி போட்ட கிட்டார் விரல்நுனியைப் படுத்துகிற பாடு இதில் கிடையாது. பெரியவர்களுக்குத் தடையாக நிற்பது விரல் அல்ல, காது.

பல ஆண்டுகளாகப் பாட்டுக் கேட்டுப் பழகிய காது அது. ஒரு சுரம் பிசகினால் உடனே பிடித்துவிடுகிறது. பிடித்ததும் கை நின்றுவிடுகிறது. விரலைச் சரிசெய்துகொண்டு, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இதை அக்கறை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் நின்று நின்று வாசித்தால் கை எதைக் கற்றுக்கொள்ளும்? நிற்பதைத்தான் கற்றுக்கொள்ளும். சிறு பிள்ளைகள் தப்போ சரியோ அடித்துக்கொண்டே போவார்கள், தாளம் அவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும். அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்: இடது கை தாமதமாக வரட்டும், தப்பாகவே வரட்டும், வலது கை மட்டும் நிற்கக் கூடாது.

இந்த வாத்தியம் வளர்ந்த கதையும் அப்படித்தான். 1879 ஆகஸ்ட் 23 அன்று ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு வந்து சேர்ந்தது. போர்ச்சுகலைச் சேர்ந்த மடெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக நூற்றுக்கணக்கானோர் குடும்பத்தோடு அதில் வந்தார்கள். அவர்களில் மானுவேல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற மூன்று மரவேலைக்காரர்களும் இருந்தார்கள். பிற்பாடு ஹொனலூலுவில் கடை போட்டு, தங்கள் ஊர் வாத்தியமான பிரகின்யாவை ஒட்டிய சிறு வாத்தியங்களைச் செய்து விற்றார்கள். அதுதான் யுகுலேலே ஆயிற்று. ஹவாய் மன்னர் காலாகௌவா இதை அரண்மனைக்குள் கொண்டுவந்தார். பாட்டுக்கும் ஹூலா நடனத்துக்கும் துணையாக நின்றது. ஆடுகிறவரின் பாதம் உங்கள் விரல் சரியான இடத்துக்கு வரும்வரை காத்திருக்காது அல்லவா? 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சியில் அமெரிக்கர்கள் இதைக் கேட்டு மயங்கினார்கள். அப்போதும் அவர்களை இழுத்தது இந்தத் துணை வாசிப்பின் துள்ளல்தான்.

அந்தத் துள்ளலுக்குக் காரணம் தந்திகளின் வரிசை. வாத்தியத்தை மார்போடு அணைத்துப் பிடித்தால் மேலிருந்து கீழாக ஜி, சி, ஈ, ஏ என்ற மேற்கத்திய சுரங்கள். கிட்டாரில் மேல் தந்திதான் ஆகக் கீழான சுருதி. இதிலோ மேலே இருக்கும் ஜி, சி-யையும் ஈ-யையும் விட உயர்ந்த சுருதி. இரண்டு ஓரத் தந்திகளும் உச்சத்தில் இருப்பதால், கையைக் கீழே இறக்கினாலும் மேலே ஏற்றினாலும் ஓசை ஒரே மாதிரி பளிச்சென்று விழுகிறது.

இப்போது இடது கைக்கு வருவோம். கையில் வாத்தியம் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு என்றால் ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு, ஃப்ரெட் என்றால் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள் பிரிக்கும் கட்டம். சி கார்டுக்கு ஏ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரல், அவ்வளவுதான். ஃப்ரெட் கம்பியின் மேலேயே அழுத்தாதீர்கள், அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்துங்கள். ஆள்காட்டி விரல் பலமாக இருக்கிறதே என்று அதை வைக்கத் தோன்றும். மோதிர விரலே இருக்கட்டும், காரணம் இதோ வருகிறது.

அடுத்து ஏ மைனர். மோதிர விரலை எடுத்துவிட்டு, ஜி தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரல். அதை எடுக்காமலே ஈ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வையுங்கள், எஃப் வந்துவிட்டது. இப்போது ஆள்காட்டி அசையக் கூடாது. நடுவிரல் பக்கத்துத் தந்தியான சி-க்கு இறங்கட்டும், அதே இரண்டாம் ஃப்ரெட். மோதிர விரல் ஏ தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில். இது ஜி செவன். கடைசியில் அந்த மோதிர விரலை ஏ தந்தியை விடாமல் ஒரு ஃப்ரெட் முன்னே நகர்த்தி, மற்ற இரண்டையும் எடுத்துவிட்டால் மறுபடி சி. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு விரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அல்லது தந்தியை விடாமல் நகர்கிறது. சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போகும் ஒரே இடத்தில்தான் கை முழுக்கக் காலியாகிறது.

அந்த ஒரு இடத்துக்கும் யுகுலேலேயிலேயே விடை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. எந்த விரலும் வைக்காமல் நான்கு தந்திகளையும் மீட்டிப் பாருங்கள். ஜி, சி, ஈ, ஏ சேர்ந்து ஒலிப்பது அபசுரம் அல்ல. அதுவே சி சிக்ஸ்த் என்ற கார்டு, அதுவே ஏ மைனர் செவன்த் என்ற கார்டும். விட்ட கார்டுக்கும் பிடிக்கப்போகிற கார்டுக்கும் அது சொந்தம். விரல் வந்து சேராவிட்டாலும் வலது கை ஓடிக்கொண்டிருந்தால் கேட்பவருக்கு எதுவும் உறுத்தாது. கை நின்றால்தான் உறுத்தும்.

ஆகவே பயிற்சியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். தாள அடியை ஒலித்துக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் விடுங்கள். ஒரு கார்டுக்கு நான்கு அடி. மூன்று அடி கார்டைப் பிடித்து வாசியுங்கள். நான்காவது அடி இடது கையின் பயணத்துக்கு. வலது கை அப்போதும் ஆள்காட்டி விரலின் நகத்தால் கீழ்நோக்கி அடிக்க வேண்டும், என்ன ஒலித்தாலும் சரி. கொஞ்ச நாளில் அந்த நான்காவது அடியிலும் கார்ட் முழுதாக ஒலிக்கத் தொடங்கும். அதற்கு முன் வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

வாத்தியம் வாங்குவதைப் பற்றியும் கேட்கிறார்கள். சிறியதிலிருந்து பெரியதாக சோப்ரானோ, கான்சர்ட், டெனர் என்ற மூன்று அளவுகளுக்கும் ட்யூனிங் ஒன்றுதான். விரல் தடித்தவர்களுக்குக் கான்சர்ட் வசதி. இன்னும் பெரிய பாரிட்டோன் மட்டும் டி, ஜி, பி, ஈ என்று வேறு சுருதி. நான் சொன்ன பிடிகள் அதில் வேறு கார்டுகளாக ஒலிக்கும். புதுத் தந்தி சில நாட்களுக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி இறங்கும். வாத்தியம் பழுது என்று பயப்படாமல், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் சுருதி காட்டும் ட்யூனரை மாட்டிச் சேருங்கள். சுருதி ஏறிவிட்டால், தேவைக்கும் கீழே இறக்கிவிட்டு மேலே ஏற்றிச் சேருங்கள், அப்போதுதான் நிற்கும். எவ்வளவு மெதுவாக அழுத்தியும் முதல் ஃப்ரெட்டில் மட்டும் சுருதி கூடுதலாகக் கேட்டால், தலைப்பக்கம் தந்தி தாங்கும் பட்டை உயரமாக இருக்கலாம். வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அராவிக்கொள்ளுங்கள்.

பாடிக்கொண்டே வாசிக்க ஆசைப்படுவீர்கள். ஆசைப்பட வேண்டும், அதற்காக வந்த வாத்தியம் இது. வாயைத் திறந்ததும் கை பாட்டின் சொற்களுக்குப் பின்னால் ஓடும். அதைத் தடுக்க, ராகம் போடாமல் வரிகளைச் சும்மா பேசிக்கொண்டே சி கார்டை மட்டும் நான்கு அடியாக அடியுங்கள். பேச்சும் அடியும் ஒன்றையொன்று இழுக்காமல் ஓடத் தொடங்கியதும் ராகத்தைச் சேருங்கள், பிறகு கார்ட் மாற்றத்தை. சுருதி உங்கள் குரலுக்குக் கீழே இருந்தால் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டிப் பாருங்கள், பிடிகள் அதேதான்.

நன்றி, வணக்கம்.